தேர் நிலைக்கு வரும்வரை

மாசி 24, செவ்வாய்

வடிவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். "இனிமே வீட்லயே வச்சுப் பாத்துக்குங்க" என்றார் டாக்டர். சின்ன வயசுக்காரர். என் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வயிற்றில் வந்தது ஈரலுக்கும் போய்விட்டதாம். வலிக்கு மாத்திரை, அதற்கும் அடங்காவிட்டால் ஊசி. நல்ல மனிதர்தான். எனக்குத்தான் அவரைப் பிடிக்கவில்லை.

கட்டிலை வாசல் அறைக்கு இழுத்துப் போட்டேன். அங்கே ஜன்னல் வழியாகச் சன்னதித் தெரு முழுக்கத் தெரியும், தெருக்கோடியில் கோபுரம். "காக்கா உக்காந்திருக்கறதுகூடத் தெரியுதுங்க" என்றாள். ஏதோ புது வீட்டுக்குக் குடிவந்த மாதிரி அவளுக்கு ஒரு சந்தோஷம்.

வடிவைக் கல்யாணம் செய்துகொண்ட வருஷத்திலிருந்து இந்தக் கோயிலில் ஓதுவாராக நின்று பதிகம் பாடுகிறேன். இன்று உச்சிகாலப் பூஜைக்குப் போக முடியவில்லை. குருக்கள் யாரோ பாடின ஒலிநாடாவை ஸ்பீக்கரில் போட்டு ஒப்பேற்றிவிட்டார். அதைக் கேட்டு வடிவு முகத்தைச் சுளித்தாள். வலியாலா, பாட்டாலா தெரியவில்லை. பாட்டால்தான் என்று வைத்துக்கொண்டேன்.

மாசி 25, புதன்

கஞ்சி வைத்தேன். அடிப்பிடித்துவிட்டது. "நல்லா இருக்குங்க" என்று குடித்தாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

மாசி 27, வெள்ளி

இன்று ஒரு பேச்சு வாங்கினேன்.

சாயரட்சைப் பூஜை முடித்து வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாட்டவில்லை. "என்னங்க, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றாள். இப்படி ஆரம்பித்தால் கோபம் வருகிற விஷயம்தான் வரும்.

"கடைசிப் பாட்ட மட்டும் ஏன் அப்படி இழுக்கறீங்க?"

எனக்கு ஒன்றும் புரியாதது மாதிரி நின்றேன். பதிகத்தில் பத்துப் பாட்டு சாமியைப் பற்றி. அவர் சடை, அவர் கழுத்து நஞ்சு, அவர் ஆடுகிற சுடுகாடு. கடைசிப் பாட்டு நம்மைப் பற்றி. இதைப் பாடுகிறவர்களுக்கு நோய் போகும், வினை தீரும் என்று பலன் சொல்லி முடிக்கிற பாட்டு. அதைச் சாதாரணமாகப் பாடி முடித்துத் தாளத்தைக் கீழே வைப்பதுதான் வழக்கம்.

"நாலு நாளா பாக்கறேன். பத்துப் பாட்டும் ரயிலப் புடிக்கப் போற மாதிரி ஓடறீங்க. நோய் போகும்கற இடம் வந்ததும் நின்னுடறீங்க. மூணு தடவ, நாலு தடவ அதையே திருப்பிப் பாடறீங்க. கேக்கறதுக்கு மார்க்கெட்ல பேரம் பேசற மாதிரி இருக்கு."

"சங்கதி போட்டுப் பாடினேன். உனக்கென்ன தெரியும் சங்கீதம்" என்று எரிந்து விழுந்தேன். அவள் சிரித்தாள். இத்தனை வருஷமாக அந்த ஸ்பீக்கர் வழியாக நான் பாடுவதைக் கேட்டுக்கொண்டேதான் மாவரைத்திருக்கிறாள், துணி துவைத்திருக்கிறாள், அப்பளம் உலர்த்தியிருக்கிறாள். என் தொண்டை எங்கே பிசகும் என்று என்னைவிட அவளுக்குத் தெரியும். அதுதான் எரிச்சல்.

மாசி 28, சனி

இழுக்காமல் பாடினேன். பிடிக்கவேயில்லை.

பங்குனி 3, வியாழன்

உத்திரத் திருவிழாப் பத்திரிகை வந்துவிட்டது. பதின்மூன்றாம் தேதி கொடியேற்றம், இருபத்தொன்று தேர். என் பெயரை இந்த வருஷமும் தப்பாக அச்சடித்திருக்கிறார்கள். மாசிலாமணி என்பதில் அப்படி என்ன கஷ்டமோ.

வடிவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். தேர்த் தேதியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "அதுவரைக்கும் நான் இருப்பேனாங்க?" என்றாள்.

"என்ன பேச்சு இது."

"இல்ல, கணக்காக் கேக்கறேன். இருந்துட்டா சரி. தேரன்னிக்குப் போயிட்டேன்னா?"

அப்போதுதான் அவள் எங்கே வருகிறாள் என்று பிடிபட்டது. எங்கள் ஊரில் சன்னதித் தெருவிலோ நாலு தேர் வீதியிலோ சாவு விழுந்தால், பிணத்தை எடுக்கிறவரை கோயிலில் பூஜை கிடையாது. நடையைச் சாத்திவிடுவார்கள். தேரன்று விழுந்தால் தேர் நகராது. முன்பு ஒருமுறை மேலவீதியில் ஒரு பெரியவர் விடிகாலையில் கண்ணை மூடிவிட்டார். மகன் வெளியூரிலிருந்து வர வேண்டும். சாமியைத் தேரில் ஏற்றியாகிவிட்டது. சாயங்காலம்வரை தேர் நடுவீதியில் வெயிலில் நின்றது. ஊரே அந்த வீட்டைப் பார்த்துக் கரித்துக் கொட்டியது. செத்தவரைக்கூட விடவில்லை.

"அன்னிக்கு நானும் நீர்மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன்" என்றாள் வடிவு. "சாமி மாலையெல்லாம் வாடி, பாக்கவே என்னமோ மாதிரி இருந்துது. எனக்காக அவரு அப்படி வெயில்ல நிக்கணுமாங்க?"

நான் பத்திரிகையை மடித்து மாடத்தில் வைத்துவிட்டுக் காய் நறுக்கப் போய்விட்டேன்.

பங்குனி 5, சனி

முடிவே செய்துவிட்டாள். தம்பி சபேசனுக்கு அவளே போன் போட்டிருக்கிறாள். மன்னார்குடியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறான். கொடியேறுவதற்கு முன்னால் வந்து தன்னை அங்கே கூட்டிப்போய்விட வேண்டுமாம்.

சத்தம் போட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கொடியேறிவிட்டால் கோயில் ஊழியன் யாரும் எல்லை தாண்டி ராத்தங்கக்கூடாது என்பது எங்கள் கோயில் கட்டுப்பாடு. அவள் மன்னார்குடியில் கிடந்தால் நான் என்ன செய்வேன்? இங்கேயே இருந்தால் பாடிவிட்டு ஓடிவந்து முகம் பார்க்கலாம். தண்ணீர் கொடுக்கலாம்.

"உனக்கு என்னைவிடத் தேர்தான் பெரிசா?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். சின்னப்பிள்ளை மாதிரி. கேட்டதற்கு வெட்கமாக இல்லை. இப்போதும் அதே கேள்விதான்.

அவள் சொன்னாள்: "புள்ள வேணும் புள்ள வேணும்னு கேட்டுக்கிட்டே பிரகாரம் சுத்தினேன், எத்தன வருஷம்! சாமி எப்படி இருக்காருன்னே எனக்குத் தெரியாதுங்க. கண்ண மூடிக்கிட்டுக் கேப்பேன், கேட்டுட்டு வந்துடுவேன். ஒருநாள் சலிச்சுப்போயி, சரி இனிமே கேக்க வேண்டாம்னு விட்டேன். அன்னிக்குத்தான் கண்ணத் தொறந்து அவரப் பாத்தேன். அவ்வளவு அழகா இருந்தாரு."

"அதுக்கு?"

"இந்த வீட்டோட, இந்த ஜன்னலோட, உங்க பாட்டோட போகணும்னு எனக்கு மட்டும் ஆசையில்லையா? அதையும் விட்டுப் பாப்பமே."

நான் தினமும் மூன்று வேளை அதையேதான் பாடுகிறேன். பொன் வேண்டாம், பதவி வேண்டாம், சொர்க்கம் வேண்டாம், இன்னொரு பிறப்பு வேண்டவே வேண்டாம், உன்னை நினைக்கிற நினைப்பு ஒன்று போதும். பாடிப் பாடி எனக்கு அது ராகமாகிவிட்டது. அரைத்துக்கொண்டே கேட்டவளுக்கு அது நிஜமாகிவிட்டது.

பங்குனி 7, திங்கள்

பேசவில்லை. அவளும் பேசவில்லை. கஞ்சி மட்டும் சரியாக வந்தது.

பங்குனி 11, வெள்ளி

சபேசன் கார் கொண்டுவந்தான். அவன் மனைவி தையல்நாயகியும் வந்து, வடிவுக்குத் தலை வாரி, புடவை மாற்றி, மருந்தையெல்லாம் ஒரு கட்டைப்பையில் எடுத்து வைத்தாள். நல்ல பெண். வடிவை "அண்ணி, அண்ணி" என்று தாய் மாதிரிப் பார்த்துக்கொள்வாள்.

காரில் ஏற்றும்போது தூக்கிப் பார்த்தேன். கனமே இல்லை. பயந்துவிட்டேன்.

தெரு முனையில் காரை நிறுத்தச் சொல்லிக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். அழவில்லை. "பஸ்ல அலையாதீங்க, தூசியில தொண்ட கட்டிக்கும். தேரன்னிக்குக் குரல் நல்லா இருக்கணும்" என்றாள். நான் சரி என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்குள் வந்து கட்டிலை மறுபடி உள்ளே இழுத்துப் போட்டேன். இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று.

பங்குனி 13, ஞாயிறு

கொடியேற்றம். குரல் நன்றாக இருந்தது என்று நாலு பேர் சொன்னார்கள். குருக்கள் மட்டும் "ஆத்துல எப்படி இருக்கா ஓதுவாரே?" என்று கேட்டார். மன்னார்குடிக்கு அனுப்பிவிட்டேன் என்றேன். "பெரிய மனசு" என்றார். யாருக்கு என்று கேட்கவில்லை.

பங்குனி 16, புதன்

உச்சிகாலம் முடிந்ததும் பஸ் பிடித்து மன்னார்குடி போய்வந்தேன். வராதே என்றவள்தான், பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. உடம்பு இன்னும் மெலிந்திருக்கிறது. கண் மட்டும் பெரிதாக இருக்கிறது.

சிரிக்க வைக்கலாமென்று கோயில் வம்பெல்லாம் சொன்னேன். நாதஸ்வரக்காரர் கதையையும் சொன்னேன். அவருடைய சித்தப்பா திருவாரூரில் போன வாரமே இறந்துவிட்டார். தெரிந்தால் தீட்டு, வாசிக்க முடியாது. அதனால் வீட்டு ஜனங்கள் சொல்லவேயில்லை. ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. மனிதர் ஜோராக மல்லாரி வாசித்துக்கொண்டிருக்கிறார். அவர் வருகிற இடத்திலெல்லாம் எல்லாரும் பேச்சை மாற்றுவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கிறது.

வடிவு சிரிக்கவில்லை. "அப்ப காதுல விழலன்னா தீட்டு இல்லையாங்க?" என்று கேட்டாள்.

"இல்லை. காதில் விழுந்த நேரத்திலேருந்துதான் தீட்டு. சாஸ்திரமே அப்படித்தான்" என்று பெரிய பண்டிதன் மாதிரி சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் இளநீர் வேண்டும் என்றாள். கடைக்குப் போய் வாங்கி வந்தேன். உள்ளே வரும்போது சபேசன் கட்டில் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் கையை இவள் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். கண் சிவந்திருந்தது. அக்காவைப் பார்த்து அழுதிருப்பான், பாவம்.

இளநீரை ஒரு வாய்தான் குடித்தாள். "நேரமாச்சு, கெளம்புங்க. சாயரட்சைக்குப் போயிடணும்" என்று விரட்டினாள். "இனிமே தேர் முடிஞ்சு வாங்க போதும்."

பங்குனி 18, வெள்ளி

இன்று சபேசன் தானாக போன் செய்தான். "சும்மாதான் அத்தான். சாப்ட்டீங்களா?" அவன் எனக்கு ஒருநாளும் சும்மா போன் செய்தவனில்லை. அக்கா எப்படி என்றேன். "தூங்கறாங்க." ஊசி போட்டிருக்கிறதாம். தூங்குவது நல்லதுதானே.

பங்குனி 19, சனி

தொண்டை லேசாகக் கரகரப்பு. மிளகும் பனங்கற்கண்டும் வாயில் அடக்கிக்கொண்டேன். நாளை சரியாகிவிடும்.

வேட்டி துவைத்தேன். துணி காய்கிற கொடியில் அவளுடைய பழைய ரவிக்கை ஒன்று அப்படியே கிடக்கிறது. எடுக்கவில்லை. மழையா பெய்கிறது.

பங்குனி 20, ஞாயிறு

காலைப் புறப்பாடு முடிந்து நானே சபேசனைக் கூப்பிட்டேன். ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தான். குரல் அடங்கியிருந்தது. "அக்கா பரவால்ல அத்தான்" என்றான். பின்னால் யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. பெண் குரல். விட்டு விட்டு. டி.வி.யாக இருக்கும். மைக்செட்காரன் வேறு வாசலில் நின்று, "ஓதுவாரே, நாளைக்கி எந்த மைக்கு?" என்று கத்திக்கொண்டிருந்தான். சபேசன் ஏதோ சொல்ல வாயெடுத்தவன், "தேர் நல்லபடியா நடக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

திரும்பக் கூப்பிடலாமென்று நினைத்தேன். மைக் விவகாரம் முடியவே ஒரு மணியாகிவிட்டது. அப்புறம் அவர்கள் சாப்பிடுகிற நேரம்.

பங்குனி 21, திங்கள்

தேர் நிலைக்கு வந்துவிட்டது. வடிவு விடிகாலையிலேயே போய்விட்டாள்.

பங்குனி 24, வியாழன்

எல்லாம் முடிந்தது. மன்னார்குடியில்தான். பிள்ளையில்லாததால் கொள்ளி நான்தான் வைத்தேன். அதைப் பற்றி எழுத முடியவில்லை. தேர் நாளைப் பற்றி எழுதுகிறேன். எழுதாவிட்டால் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

காலையில் வடம் பிடித்தார்கள். நல்ல கூட்டம். ஓதுவார்கள் தேருக்குப் பின்னால் பாடிக்கொண்டு போவது வழக்கம். இப்போது நான் ஒருத்தன்தான். கூடப் பாட வழிபாட்டு மன்றத்துப் பெண்கள் வந்தார்கள். கீழவீதி, தெற்குவீதி இரண்டும் ஒரு தடங்கலுமில்லாமல் ஓடியது. என் குரல் இப்படி ஒருநாளும் பேசியதில்லை. நானே ஆச்சரியப்பட்டேன்.

மேலவீதி திரும்பினபோது சபேசனைப் பார்த்தேன். வீதியில் இல்லை. இரண்டு கடைகளுக்கு நடுவே ஒரு சந்து இருக்கிறது. அதற்குள் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தான். சவரம் செய்யாத முகம். நெற்றியில் விபூதி இல்லை. விபூதி பூசாமல் அவன் கடையைக்கூடத் திறக்கமாட்டான். தேர் அவன் எதிரே வந்து நின்றது. சுற்றியிருந்தவர்களெல்லாம் தலைக்கு மேல் கைதூக்கிக் கும்பிட்டார்கள். அவன் கும்பிடவில்லை. இன்னும் ஓரடி பின்னால் போனான்.

மன்னார்குடியிலிருந்து இவ்வளவு தூரம் வந்தவன் ஏன் தேர் வீதியில் கால் வைக்கவில்லை என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்க அங்கே நேரமில்லை, அவ்வளவு சத்தம். மேளம், வெடி, தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்களின் கூச்சல்.

அவன் என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். பத்தடி தூரம்கூட இருக்காது. தாளத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய் "என்னடா சபேசா" என்று கேட்டிருக்கலாம். அவன் வாயைத் திறந்திருப்பான். நான் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டு அடுத்த பாட்டை எடுத்தேன். ரொம்ப உரக்க எடுத்தேன். மன்றத்துப் பெண்கள் சுருதி சேர முடியாமல் திணறினார்கள்.

வடக்குவீதி முழுக்க அப்படியே பாடினேன். என்ன பாடினேன் என்று நினைவில்லை. தேர் நிலைக்கு வந்து, கட்டை போட்டு, தீபாராதனை காட்டி, விபூதி வாங்கிப் பூசிக்கொண்டேன். அதற்கப்புறம்தான் சந்துப் பக்கம் நடந்தேன். மெதுவாகத்தான் நடந்தேன்.

"அத்தான், அக்கா போயிட்டாங்க" என்றான் சபேசன். "தேர் நிலைக்கு வர்றவரைக்கும் உங்க காதுல போடக்கூடாதுன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க. அன்னிக்கு நீங்க எளநீ வாங்கப் போனப்ப. மன்னிச்சுடுங்க அத்தான்." சொல்லிவிட்டு அந்தச் சந்திலேயே உட்கார்ந்து அழுதான்.

எனக்கு அழுகை வரவில்லை. அவளை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது. செத்த பிறகும் தேரை நிறுத்தவில்லை, என்னையும் நிறுத்தவில்லை. பதிகங்களில் பாடுகிற அடியார்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று யாராவது கேட்டால் இனி நான் அவளைச் சொல்வேன் என்று காரில் போகும்போது நினைத்துக்கொண்டே போனேன்.

பங்குனி 29, செவ்வாய்

தீட்டுக் காலமாதலால் குருக்கள் வீட்டுக்குள் வரவில்லை. வாசலிலேயே நின்று துக்கம் கேட்டார். மனிதர் உண்மையாகவே கலங்கியிருந்தார். அப்புறம் தயங்கித் தயங்கி, "தப்பா எடுத்துக்காதேள். சுவாமி காரியம், கேக்காம இருக்க முடியலை. உமக்கு எப்போ தெரிஞ்சுது?" என்றார்.

தெரிந்த பிறகும் பாடியிருந்தால் தேருக்கே தீட்டு. பரிகார பூஜை செய்ய வேண்டும். ஊர் பேசும்.

"நிலைக்கு வந்தப்புறம்தான் சாமி காதுல விழுந்துது" என்றேன்.

"அப்போ தோஷமே இல்லை" என்று நிம்மதியாகப் போனார்.

சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. காதில் அப்போதுதான் விழுந்தது.

சித்திரை 6, செவ்வாய்

கருமாதி. மன்னார்குடியில் சபேசன் வீட்டிலேயே செய்தோம். வந்தவர்களெல்லாம் வடிவின் பக்தியைப் பற்றித்தான் பேசினார்கள். விஷயம் அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. யாரோ ஒருத்தர், கோயில் மண்டபத்தில் அவள் படத்தை மாட்ட வேண்டும் என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

பந்தி முடிந்து ஜனங்கள் கிளம்பின பிறகு தையல்நாயகி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அண்ணே, எல்லாரும் பேசறது எனக்குப் பொறுக்கல. உங்ககிட்ட சொல்லாம இருந்தா எனக்குச் சோறு எறங்காது."

"சொல்லும்மா."

"அண்ணி கடைசி மூணு நாளும் தூங்கவே இல்ல. உங்களத்தான் கேட்டாங்க. வெள்ளிக்கிழமையிலேருந்து. மொதல்ல மெதுவாத்தான், அவரு எப்ப வருவாருன்னு. அப்புறம் அவர வரச் சொல்லு, வரச் சொல்லுன்னு ஒரே பேச்சு. தேர் இருக்கே அண்ணின்னேன். தேர் கெடக்கட்டும்னாங்க. எனக்கு அவரு வேணும்னாங்க. அந்தச் சத்தியமும் வேணாம், ஒண்ணும் வேணாம், கூப்புடுன்னு இவரு சட்டையப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க."

நான் மோரைக் கீழே வைத்தேன்.

"இவருக்கு என்ன பண்றதுன்னே தெரியல அண்ணே. தெளிவா இருந்தப்ப வாங்கின சத்தியமாச்சே, இப்ப வலியில ஏதோ பேசறாங்கன்னு நெனச்சுட்டாரு. நான் சண்ட போட்டேன். வெள்ளிக்கிழம உங்களுக்கு போன் போட்டும் அவருக்கு வாய் வரல. ஞாயித்துக்கிழம நீங்க பேசினப்பகூட, பின்னாடி அண்ணிதான் கூப்ட்டுக்கிட்டே இருந்தாங்க. உங்களுக்குக் கேக்கலியா?"

கேட்டது என்று சொன்னேன். டி.வி. என்று நினைத்தேன் என்று சொல்லவில்லை. அப்படி நான் நினைக்கவுமில்லை. அது டி.வி. இல்லை என்று அப்போதே தெரியும். 'என்னங்க, என்னங்க' என்று கூப்பிடுகிற குரல் எனக்குத் தெரியாதா? அந்தக் குரலைத் தெரிந்துகொண்டால் பஸ் ஏற வேண்டும், பஸ் ஏறினால் அவள் சாவதைப் பார்க்க வேண்டும். எனக்குப் பயம். தேரைக் காரணம் காட்டி ஒளிந்துகொண்டேன். சந்தில் அவன் நின்றபோதும் அதே பயம்தான். அதை ஊர் பக்தி என்கிறது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். தேர் கிடக்கட்டும், எனக்கு அவர் வேண்டும் என்று அவள் சொன்னாள் என்று கேட்டதும், அந்த ஒரு நிமிஷம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்ன ஜென்மம் இது. சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் கொல்லைக்குப் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன். அவள் போனபிறகு இன்றுதான் அழுகிறேன்.

சபேசனை ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது அவன் தோளைத் தட்டிவிட்டு வந்தேன். அவன் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டான். நான் எதற்குக் கட்டுப்பட்டேன்?

சித்திரை 7, புதன்

படம் மாட்டும் பேச்சை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

சித்திரை 9, வெள்ளி

இன்று கோயிலுக்குப் போனேன்.

குருக்கள் மாலை போடச் சொல்லி எனக்கு மரியாதை செய்தார். மறுக்கத் தெம்பில்லை. தீபாராதனை முடிந்ததும் பாட நின்றேன். ஒன்றும் வேண்டாம் உன்னைத் தவிர என்கிற அந்தப் பதிகத்தைத்தான் தினமும் பாடுவது. பாடினேன். பிசகவில்லை. தொண்டைக்கு அது பழக்கம். நான் இல்லாமலும் பாடும்.

பாடும்போது ஒன்று தோன்றியது. இதையெல்லாம் பாடிவைத்தவர்கள் ஆசையை ஜெயித்துவிட்டுப் பாடினார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். ஜெயித்தவர் ஒரு தடவை பாடினால் போதுமே. ஊர் ஊராகப் போய், பதிகம் பதிகமாக, வேண்டாம் வேண்டாம் என்று ஏன் அவ்வளவு பாட வேண்டும்? வடிவு ஜன்னலை விட்டாள், கோபுரத்தை விட்டாள், என் பாட்டை விட்டாள். எல்லாவற்றையும் விட்டவளால் கடைசியில் என்னை விட முடியவில்லை. அதனால் அவள் பக்தி குறைந்துபோயிற்று என்று எனக்குத் தோன்றவில்லை. சாமிக்கும் தோன்றியிருக்காது. கூப்பிடுகிறாளே, போடா என்றுதான் அவர் சொல்லியிருப்பார். வெயிலில் நிற்கிறதா அவருக்குப் பெரிய விஷயம், சுடுகாட்டில் நிற்கிறவருக்கு.

கூட்டம் கலைந்தது. குருக்கள் மடப்பள்ளிப் பக்கம் போனார். சன்னதியில் நானும் சாமியும்தான். அவள் ஒருநாள் பார்த்தாளே, அது மாதிரி நானும் கண்ணைத் திறந்து பார்த்தேன். எனக்கு அழகாகத் தெரியவில்லை. கல்லாகத்தான் தெரிந்தது. இருந்தாலும் கேட்டேன். இவ்வளவு காலம் பாட்டுக்குள் ஒளித்துக் கேட்டவன் இன்று வாய்விட்டுக் கேட்டேன்.

பிறப்பே வேண்டாம் என்று உன் எதிரே நின்று எத்தனை ஆயிரம் தடவை பாடியிருப்பேன், அதையெல்லாம் மறந்துவிடு. எனக்கு இன்னொரு பிறப்பு வேண்டும். அவளோடு. அதில் நீ ஒன்றும் தர வேண்டாம், பிள்ளைகூட வேண்டாம். அவள் கூப்பிடும்போது நான் போக வேண்டும்.